சாலையில் வாழ்வோருக்கு ஒரு செயலி: யாரை, யாரோடு இணைப்பது?



பீளமேட்டில் வாழும் நமக்குச் சாலை புதிதல்ல. அவிநாசி சாலையின் இரைச்சலில்தான் நம் நாள் விடிகிறது, அடங்குகிறது. விமான நிலையமும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் இந்தச் சாலையை ஒட்டியே வளர்ந்தன. 2025 அக்டோபரில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலமும் திறக்கப்பட்டது. வீட்டிலிருந்து புறப்பட்டு வீட்டுக்கே திரும்புகிற நமக்குச் சாலை ஒரு வழி, அவ்வளவுதான். ஆனால் சாலையையே வீடாகக் கொண்டவர்களும் நம்மைக் கடந்து போகிறார்கள். அவர்களைப் பற்றி இன்று சற்றுச் சிந்திப்போம்.

பீளமேட்டின் பொறியியல் கல்லூரிகளில் படிக்கும் இளையோர் தங்கள் இறுதியாண்டுப் பணிக்காக அலைபேசிச் செயலிகளை உருவாக்குவது இன்று வழக்கமாகிவிட்டது. அவர்களிடையே எழும் நல்ல எண்ணங்களுள் ஒன்று இது: சாலையில் வாழும் மக்கள் ஒருவரோடு ஒருவர் பேசிப் பழக ஒரு செயலி செய்து தந்தால் என்ன? எண்ணம் உயர்ந்ததே. ஆனால் கட்டடம் கட்டுமுன் மண்ணைப் பார்க்க வேண்டும் அல்லவா? இந்த மக்கள் யார், அவர்கள் இழந்தது என்ன, இதற்கு முன் இத்தகைய முயற்சிகளைச் செய்தவர்கள் கற்ற பாடம் என்ன என்பவற்றைப் பார்த்த பிறகே செயலியைப் பற்றிப் பேசுவது நல்லது.

சாலையே வீடானவர்கள்

நம் கொங்கு மண்ணே லாரிகளின் மண். நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக நிற்கின்றன. சமையல் எரிவாயு ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரிகளுக்கும் அவ்வூரே தலைநகர் போல விளங்குகிறது. சங்ககிரி லாரித் தொழிலால் பேர்பெற்றது. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வடமாநிலங்கள்வரை போகின்றன.

இந்த ரிக் வண்டிகளோடு போகிறவர்களின் வாழ்க்கையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வண்டியின் ஓரத்திலேயே சமையல், வண்டியின் அடியிலோ கூரை விரித்த இடத்திலோ உறக்கம். ஓர் ஊரில் தண்ணீர் வந்ததும் அடுத்த ஊர். மாதக்கணக்கில் வீட்டு வாசலை மிதிக்காதவர்கள் உண்டு. ஊர் ஊராய்த் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறவர்கள் எந்த ஊரிலும் உறவு வைத்துக்கொள்ள முடியாமல் போகிறார்கள்.

நெடுந்தூர லாரி ஓட்டுநர்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே. பிள்ளையின் முதல் திருவிருந்துக்கும் தங்கையின் திருமணத்துக்கும் அவர்கள் அலைபேசித் திரையில்தான் வருகிறார்கள். நடைபாதையில் உறங்கும் வீடற்றோரும் சாலையில் வாழ்கிறவர்களே. அவர்களின் தேவை வேறு, அதற்குத் தனியாகவே சிந்திக்க வேண்டும். இங்கே நாம் பேசுவது சக்கரத்தின்மேல் வாழ்கிறவர்களைப் பற்றி.

பேச்சு குறைந்த சாலை

கடந்த சில ஆண்டுகளில் சாலையில் பல நல்ல மாற்றங்கள் வந்துள்ளன. அவற்றை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு மாற்றத்தோடும் ஒரு பேச்சும் மறைந்தது என்பதை நாம் கவனித்திருக்கிறோமா?

முன்பெல்லாம் லாரியில் ஓட்டுநரோடு கிளீனர் ஒருவர் இருப்பார். தொலைதூர வண்டிகளில் இன்னொரு ஓட்டுநரும் இருப்பார். தேசிய உரிமம் பெற்ற சரக்கு வண்டிகளில் இரு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்ற விதியை மத்திய அரசு 2018-இல் தளர்த்தியது. ஆள் பற்றாக்குறையும் செலவும் கிளீனரையும் குறைத்துவிட்டன. இன்று பல வண்டிகளில் ஓட்டுநர் ஒருவரே. இரவு இரண்டு மணிக்கு "அண்ணா, கண்ணு சொருகுதா? ஓரங்கட்டுங்க, ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம்" என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை.

நமக்கு அருகிலுள்ள வாளையாறு சோதனைச் சாவடியை நினைத்துக்கொள்வோம். அங்கே லாரிகள் மணிக்கணக்கில், சில வேளைகளில் நாள்கணக்கில் வரிசையில் நின்றன. அது பெரும் துன்பமே. 2017 ஜூலை 1-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் வணிகவரிச் சாவடிகள் அகன்றன, வரிசையும் குறைந்தது. 2021 பிப்ரவரி 16 முதல் ஃபாஸ்டேக் கட்டாயமானதால் சுங்கச்சாவடியிலும் நிற்கும் நேரம் குறைந்தது. நல்லதே. ஆனால் அந்த வரிசைகளில்தான் ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள். எந்தக் கடையில் சாப்பாடு நன்றாக இருக்கும், எங்கே திருட்டுப் பயம், யார் வீட்டில் என்ன விசேஷம் என்பதெல்லாம் அங்கேதான் பேசப்பட்டன. சாலையோர எஸ்.டி.டி. பூத்துகளும் அப்படியே. பேச வந்தவர்கள் காத்திருக்கும்போது பக்கத்திலிருப்பவரோடு இரண்டு வார்த்தை பேசினார்கள்.

மறுபக்கம், இன்றைய ஓட்டுநரைப் பின்தொடரும் கருவிகளுக்குக் குறைவில்லை. வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எந்த வேகத்தில் போகிறது என்பது ஜி.பி.எஸ். வழியாக உரிமையாளருக்குத் தெரிகிறது. எந்தச் சாவடியைக் கடந்தது என்பது ஃபாஸ்டேக் வழியாகத் தெரிகிறது. சரக்கு பிடித்துத் தரும் செயலிகள் சுமையும் வாடகையும் சொல்கின்றன. எல்லாருக்கும் அந்த வண்டியைத் தெரியும். வண்டியில் இருக்கும் மனிதர் நேற்று உறங்கினாரா, இன்று சாப்பிட்டாரா என்று கேட்பவர் யார்?

இது வெறும் மனவருத்தம் சார்ந்த கேள்வி அல்ல, உயிர் சார்ந்தது. 2020 பிப்ரவரி 20 அதிகாலையில் அவிநாசி அருகே, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் சென்ற கேரள அரசுப் பேருந்தின்மீது எதிர்த்திசையில் வந்த கண்டெய்னர் லாரி சாலைத் தடுப்பைத் தாண்டி மோதியதை நாம் மறந்திருக்க மாட்டோம். 19 பேர் இறந்தார்கள். லாரி ஓட்டுநர் கண்ணயர்ந்ததே காரணம் என்று அப்போது செய்திகள் கூறின. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. சாலையில் தனித்து வாழ்பவரின் களைப்பு அவரோடு முடிவதில்லை. பேருந்தில் உறங்கிக்கொண்டு வரும் நம் பிள்ளைகள்வரை வந்து சேர்கிறது.

நமக்கு முன்னே முயன்றவர்கள்

சாலையில் இருப்போரை இணைக்கும் முயற்சி இன்று தொடங்கியதல்ல. அமெரிக்காவில் 1958-லேயே பொதுமக்கள் பயன்பாட்டுக்கான சிறு வானொலி அலைவரிசை திறந்துவிடப்பட்டது. அதை சி.பி. ரேடியோ என்பார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, எங்கே டீசல் கிடைக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள லாரி ஓட்டுநர்கள் அதை வாங்கிப் பொருத்தினார்கள். 19-ஆம் எண் அலைவரிசை அவர்களுடையது என்றே ஆயிற்று. சொந்தப் பெயர் தேவையில்லை, ஒரு புனைபெயர் போதும். சில கிலோமீட்டர் தூரத்தில் இருப்பவரோடுதான் பேச முடியும். பேசியது எங்கும் பதிவாகி இருக்காது. அருகில் இருப்பவரோடு பேச்சு, குரலில் பேச்சு, பேசியதும் மறையும் பேச்சு. இந்த மூன்றும் எளியவை. ஆனால் இன்றைய செயலிகள் பலவற்றில் இவை இல்லை.

நம் நாட்டிலும் ஒரு முன்மாதிரி உண்டு. சத்தீஸ்கரில் 2010-இல் தொடங்கிய சி.ஜி.நெட் ஸ்வரா என்ற அமைப்பு, இணைய வசதியில்லாத பழங்குடி மக்களுக்குச் சாதாரண அலைபேசியையே ஊடகமாக்கியது. ஓர் எண்ணை அழைத்துத் தம் செய்தியைத் தம் மொழியில் சொல்லலாம். அதைச் சிலர் கேட்டுச் சரிபார்த்து வெளியிடுவார்கள். மற்றவர்கள் அதே எண்ணை அழைத்துக் கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பங்குபெற முடிந்தது. விலையுயர்ந்த அலைபேசி தேவைப்படவில்லை.

எச்சரிக்கை தரும் எடுத்துக்காட்டும் ஒன்று உண்டு. பயணிகளைத் தம் வீட்டில் இலவசமாகத் தங்கவைக்க முன்வருவோரை இணைத்த கவுச்சர்ஃபிங் என்ற தளம் 2004-இல் தொடங்கியது. உலகெங்கும் தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்தது. 2011-இல் அது இலாப நோக்குடைய நிறுவனமாக மாறியது. 2020 மே மாதம் கட்டணம் கட்டுவோருக்கே என்றாயிற்று. பல ஆண்டுகளாகச் சேர்த்த நட்புகளும் நற்சான்றுகளும் கட்டணக் கதவுக்குப் பின்னால் போயின. செயலி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை முதல் நாளிலேயே கேட்க வேண்டும் என்பது இதன் பாடம்.

திருஅவையின் அனுபவமும் நமக்கு வழிகாட்டுகிறது. மாலுமிகளும் நிலத்தில் வீடில்லாமல் மாதக்கணக்கில் வாழ்கிறவர்களே. அவர்களுக்காக 1920 அக்டோபர் 4-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தொடங்கிய பணி இன்று ஸ்டெல்லா மாரிஸ் என்ற பெயரில் உலகின் பல துறைமுகங்களில் நடக்கிறது. அருள்பணியாளர்களும் தன்னார்வலர்களும் கப்பலுக்கே ஏறிச் செல்கிறார்கள். வீட்டோடு பேச வசதி செய்து தருகிறார்கள், கூடவே உட்கார்ந்து பேசுகிறார்கள். இதன் தொடர்ச்சியாக இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பன்னாட்டுக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தில் 2022-இல் செய்யப்பட்ட திருத்தங்கள் 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்தன. கப்பல் உரிமையாளர்கள் இயன்றவரை மாலுமிகளுக்கு இணைய வசதி தர வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. வீட்டாரோடு பேசுவது சலுகை அல்ல, உழைப்பவரின் உரிமை என்று உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது. கடலில் இருப்பவருக்குப் பொருந்துவது சாலையில் இருப்பவருக்கும் பொருந்தும் அல்லவா?

செயலி எப்படி இருக்க வேண்டும்?

"வாட்ஸ்அப் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வாட்ஸ்அப் நாம் ஏற்கெனவே அறிந்தவரோடு நம்மை இணைக்கிறது. ஆனால் இன்றிரவு இருநூறு லாரிகள் நிற்கும் திடலில், அடுத்த வண்டியில் இருப்பவர் நம் ஊர்க்காரராக இருந்தும் அவரை அறியாமலே விடிந்ததும் பிரிந்து போகிறோம். புதிய செயலி தேவைப்படும் இடம் அதுதான். அப்படி ஒன்றைச் செய்ய முன்வரும் இளையோர் கீழ்க்காணும் ஆறு செய்திகளை மனத்தில் கொள்வது நல்லது.

முதலாவது, வண்டி ஓடும்போது அது மௌனமாக இருக்க வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டும்போது அலைபேசியைக் கையில் வைத்துப் பேசுவதை ஆபத்தான ஓட்டுதலாகக் கருதுகிறது. அலைபேசியிலுள்ள ஜி.பி.எஸ். வண்டியின் வேகத்தை அறியும். வண்டி நகரத் தொடங்கியதும் செயலி அடங்கிவிட வேண்டும். வந்த செய்திகள் வண்டி நின்றபின் கிடைத்தால் போதும். உயிர் காக்க வந்த கருவி உயிர் எடுக்கக் கூடாது.

இரண்டாவது, எழுத்தைவிடக் குரலுக்கு முதலிடம் தர வேண்டும். பதினான்கு மணி நேரம் ஸ்டியரிங் பிடித்த கைக்குத் தட்டச்சு செய்யப் பொறுமை இருக்காது. ராஜஸ்தானில் நிற்கும் திருச்செங்கோட்டுக்காரருக்குத் தமிழ்க் குரல் ஒன்று கேட்பதே பாதி ஆறுதல். சாதாரண அலைபேசி வைத்திருப்பவரும் ஓர் எண்ணை அழைத்துக் கேட்கும்படி இருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது, சிக்னல் இல்லாத இடத்திலும் பயன்பட வேண்டும். மலைப்பாதையிலும் காட்டுப் பகுதியிலும் இணையம் இருக்காது. பேசியதை அலைபேசியிலேயே சேமித்து வைத்து, சிக்னல் கிடைத்ததும் அனுப்ப வேண்டும். முப்பது விநாடிக் குரல்பதிவைச் சுருக்கினால் 60 கிலோபைட் அளவில் அடங்கிவிடும். பலவீனமான இணைப்பிலும் அது போய்ச் சேரும்.

நான்காவது, இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. தனித்து நிற்கும் சரக்கு லாரியின் சரியான இடம் திருடர் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? ஓட்டுநர் ஓய்வெடுக்க நின்றதை அறிந்து உரிமையாளர் திட்டத் தொடங்கினால் யார் அந்தச் செயலியைத் தொடுவார்கள்? எந்த நிறுத்தத்தின் அருகே இருக்கிறார் என்ற அளவில் மட்டும், அதுவும் அவர் விரும்பினால் மட்டும் தெரிந்தால் போதும். ஒரு நாள் கழிந்ததும் அதுவும் அழிந்துவிட வேண்டும். ஒரு நோக்கத்துக்காக இசைவோடு பெற்ற தகவலை அதற்கே பயன்படுத்த வேண்டும் என்பதை 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அடிப்படையாகக் கொண்டுள்ளது.

ஐந்தாவது, உரிமையும் பொறுப்பும் ஓட்டுநர்களுக்கே இருக்க வேண்டும். என்ன தேவை, எது தொல்லை என்பதை முடிவு செய்யும் இடத்தில் அவர்கள் அமர வேண்டும். மாணவர்கள் படிப்பை முடித்து வேலைக்குப் போனபின் செயலியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் தொடக்கத்திலேயே பேசி முடிக்க வேண்டும்.

ஆறாவது, எல்லாவற்றையும்விட முதன்மையானது, மறுமுனையில் ஆள் இருக்க வேண்டும். செயலியைத் திறந்து "இங்கே நம்மாளுங்க யாராவது இருக்கீங்களா?" என்று ஒருவர் கேட்டு, பதில் வராமல் போனால் மறுநாள் அதை அழித்துவிடுவார். ஆகவே இந்தியா முழுமைக்கும் என்று தொடங்குவது வீண். நீலம்பூரிலிருந்து மதுக்கரை வரை 28 கிலோமீட்டர் நீளப் புறவழிச்சாலை இருக்கிறது. அதைக் கடந்து வாளையாறு வரையிலான ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாறு நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் பொறுப்பேற்கும் இரண்டு மூன்று பேர். ஒரு டீக்கடைக்காரர், ஒரு பஞ்சர் கடைக்காரர், அருகிலுள்ள பங்கின் ஓர் அன்பிய உறுப்பினர். அழைப்பு வந்தால் எழுந்து போக மனமுள்ளவர்கள். அது சரியாக நடந்தால் பிறகு சேலம்வரை நீட்டலாம்.

சத்திரம் இல்லாத சமாரியர்

அன்பர்களே, எரிகோவுக்குப் போகும் சாலையில் அடிபட்டுக் கிடந்தவரின் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். சமாரியரின் இரக்கத்தைப் போற்றுகிறோம். அந்த உவமையில் வரும் இன்னொருவரைக் கவனிக்கத் தவறுகிறோம். அவர் சத்திரக்காரர். சமாரியர் காயத்தைக் கட்டினார், தம் விலங்கின்மேல் ஏற்றினார். ஆனால் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு சத்திரமும், பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் அந்த வழியில் இருந்ததால்தான் அந்த இரக்கம் முழுமை பெற்றது. எவ்வளவு நல்ல செயலியும் செய்தியைத்தான் கொண்டுபோகும். சத்திரமாக அதனால் மாற முடியாது. சத்திரமாக வேண்டியவர்கள் நாம்.

2007 ஜூன் 19-இல், அப்போதிருந்த குடிபெயர்ந்தோர் மற்றும் வழிப்பயணிகளுக்கான மேய்ப்புப்பணித் திருப்பீட அவை, சாலை மேய்ப்புப்பணிக்கான வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. அதிலுள்ள ஓட்டுநர்களுக்கான பத்துக் கட்டளைகள் அந்நாளில் செய்தித்தாள்களில் பெரிதாக இடம்பெற்றன. அவற்றுள் இரண்டாவது, சாலை மக்களை ஒன்றிப்புக்கு இட்டுச்செல்ல வேண்டும், உயிருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்ற கருத்தைச் சொல்கிறது. லாரி ஓட்டுநர்கள் குடும்பத்தைப் பிரிந்து வாழ்வதையும் அந்த ஏடு கருத்தில் கொண்டது. ஆயினும் நம் பங்குகளில் எத்தனை பேர் அதை அறிவோம்?

தொடர்புக் கருவிகளைப் பற்றியும் திருத்தந்தையர் நமக்குத் தெளிவு தந்துள்ளனர். 2009-ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்தியில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், புதிய தொழில்நுட்பங்கள் உருவாக்கும் உறவுகளை வரவேற்றார். அதே வேளையில், இணையத்தில் நட்பைத் தேடிக்கொண்டு வீட்டாரையும் அயலாரையும் மறந்துவிடும் ஆபத்தையும் சுட்டிக்காட்டினார். 2019-ஆம் ஆண்டின் செய்தியில் திருத்தந்தை பிரான்சிஸ் இன்னும் எளிமையாக விளக்கினார். ஒரு குடும்பம் வலைத்தளத்தால் இணைந்து, பின்னர் ஒரே உணவு மேசையில் அமர்ந்து முகம் பார்க்கிறது என்றால் அந்தக் கருவி நல்லது என்பது அவரது கருத்து.

இதையே அளவுகோலாகக் கொள்வோம். சாலை மக்களுக்கான செயலியில் எத்தனை பேர் எத்தனை மணி நேரம் செலவிட்டார்கள் என்பது வெற்றியல்ல. நள்ளிரவில் திரையைத் தள்ளிக்கொண்டே இருப்பவர் விடியற்காலையில் கண்ணயர்வார். ஐந்து நிமிடம் பேசி, அலைபேசியை வைத்துவிட்டு, ஒருவரோடு உட்கார்ந்து சாப்பிட்டு, நிம்மதியாக உறங்கினார் என்றால் அதுவே வெற்றி.

நாம் செய்யக்கூடியவை

இளையோர் செயலியை எழுதட்டும். அதுவரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. சாலையோரப் பங்குகள் தங்கள் வளாகத்தில் குடிநீர், கழிப்பறை, அலைபேசிக்கு மின்னேற்றும் வசதி ஆகியவற்றைச் செய்து, வாசலில் தமிழிலும் இந்தியிலும் மலையாளத்திலும் ஒரு பலகை வைக்கலாம். அன்பியக் கூட்டங்களில், நம் பங்கிலேயே லாரியிலும் ரிக் வண்டியிலும் போயிருப்போரின் குடும்பங்கள் எவை என்று கணக்கெடுக்கலாம். அவர்கள் வீட்டில் நோயோ, பிள்ளைகளின் படிப்புச் சிக்கலோ இருந்தால் முதலில் போய் நிற்கலாம். வீடு நலமாக இருக்கிறது என்று அறிந்த ஓட்டுநர் சாலையில் பதற்றமின்றிப் போவார். வின்சென்ட் தே பவுல் சபையினரும் இளையோர் இயக்கத்தினரும் மாதம் ஒருமுறை ஒரு லாரி நிறுத்தத்துக்குச் சென்று வரலாம். சமயம் பார்க்க வேண்டாம், அறிவுரை சொல்ல வேண்டாம்.

நம் கொங்கு மண்ணில் வந்தவரைக் கேட்பதற்கென்றே ஒரு கேள்வி உண்டு: "ஏனுங்க, எந்த ஊருங்க? சாப்டாச்சுங்களா?" இந்தக் கேள்விக்கு எந்த மென்பொருளும் தேவையில்லை. இளையோர் உருவாக்கும் செயலி இந்தக் கேள்வியைக் கேட்கும் ஒருவரிடம் ஓட்டுநரைக் கொண்டுபோய்ச் சேர்த்தால், அது தன் பணியைச் செய்தது என்போம்.

எம்மாவு சாலையில் இருவரோடு வழிநடந்த ஆண்டவர், அவர்களின் கவலையைத்தான் முதலில் கேட்டார். நம் சாலையில் போகிறவர்களின் கவலையைக் கேட்க நம் இல்லங்களும் ஆலயங்களும் திறந்திருக்கின்றனவா? வரும் ஞாயிறு நம் அன்பியங்களில் இதைப் பற்றிப் பேசுவோம், ஒரு நிறுத்தத்தையாவது நம் பொறுப்பில் ஏற்போம். சாலையில் வாழும் நம் சகோதரர் அனைவரையும் இறைவன் பத்திரமாக வீடு சேர்ப்பாராக.